கிளிக்கு முதல் தரம்: பெங்களூரு முதலாண்டுப் பட்டவகுப்பில் தமிழ்த்தாள் மதிப்பீடு

முன்னுரை

பட்டவகுப்பில் சேரும் மாணவர் முதற்பருவத்தில் பெறும் தமிழ் மதிப்பெண் எதனை அளக்கிறது? இவ்வினாவை நம் தமிழ்த்துறைகள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. எந்த நூலைப் பாடமாக வைப்பது, எதனை நீக்குவது என்பது பற்றிப் பாடத்திட்டக் குழுக்களில் மணிக்கணக்காக வாதிடுகிறோம். இக்கால இலக்கியத்திற்கு எத்தனை அலகு, சங்க இலக்கியத்திற்கு எத்தனை அலகு என்று கணக்கிடுகிறோம். மதிப்பீடு மட்டும் தேர்வுத்துறையின் அலுவல் என்று ஒதுக்கப்படுகிறது. ஆயின் மாணவர் தம் பாடத்தை அறிந்துகொள்வது பாடநூலின் முன்னுரையால் அன்று. வினாத்தாளாலும் விடைத்தாளின் ஓரத்தில் இடப்படும் எண்ணாலுமே ஆகும். எதற்கு மதிப்பெண் உண்டோ அதுவே அவருக்குத் தமிழ்.

கர்நாடகத் தலைநகரில் முதலாண்டு மாணவர்க்குத் தமிழை மொழித்தாளாகக் கற்பித்துவரும் இக்கட்டுரையாளர், தம் வகுப்பறைப் பட்டறிவையும் பொதுவில் கிடைக்கும் விதிகளையும் அடிப்படையாகக் கொண்டு ஒரு கருத்தினை இங்கு முன்வைக்க விழைகிறார். முதலாண்டுத் தமிழ்த்தாளில் நாம் வழங்கும் தரம் மாணவரின் தமிழை அளக்கவில்லை. மாணவரைத் தமிழ்த்தாளில் தக்கவைத்துக்கொள்வதற்கு நாம் கொடுக்கும் விலையாகவே அது மாறிவிட்டது என்பதே அக்கருத்து. இது கடுஞ்சொல்லாகத் தோன்றலாம். இக்குற்றச்சாட்டில் முதலில் நிற்பவர் இக்கட்டுரையாளரே என்பதால் இதனைச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு.

தரப்புள்ளி இயங்கும் முறை

பல்கலைக்கழக மானியக்குழு 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட விருப்பத்தெரிவுமுறை நெறிகள், நூற்றுக்கு இத்தனை என்னும் மதிப்பெண்ணுக்கு மாற்றாகப் பத்துப் புள்ளித் தரமுறையைப் பரிந்துரைத்தன. ஓ என்னும் மிகச்சிறப்புத் தரத்திற்கு 10 புள்ளி. ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, சி 5, வெறுந்தேர்ச்சிக்கு 4. எஃப் எனின் சுழியம். ஒவ்வொரு தாளுக்கும் கிரெடிட் எனப்படும் தகுதிப்புள்ளி உண்டு. தாளின் தரப்புள்ளியைத் தகுதிப்புள்ளியால் பெருக்கிக் கூட்டி, மொத்தத் தகுதிப்புள்ளியால் வகுத்தால் பருவச் சராசரி கிடைக்கும். பருவங்கள் அனைத்தையும் அவ்வாறே கூட்டி வகுத்தால் ஒட்டுமொத்தச் சராசரி கிடைக்கும். பட்டச்சான்றிதழில் நிலைத்து நிற்பது இவ்வெண்ணே.

கர்நாடகத்தில் 2021-22ஆம் கல்வியாண்டில் தேசியக் கல்விக் கொள்கைவழிப் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, மாணவர் முதல் நான்கு பருவங்களில் இரண்டு மொழிகளைக் கற்கவேண்டும் என்றும், ஒவ்வொரு மொழித்தாளுக்கும் மூன்று தகுதிப்புள்ளி என்றும் வகுக்கப்பட்டது. பருவத்தேர்வுக்கு 60, அகமதிப்பீட்டுக்கு 40 என்று பங்கிடப்பட்டது. 2024-25இல் மாநில அரசு நான்காண்டுத் திட்டத்தைக் கைவிட்டு மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்குத் திரும்பிய பின்னர் இப்பங்கீடும் மாறியது. பங்கீடு எவ்வாறாயினும், அகமதிப்பீட்டை இடுபவர் வகுப்பாசிரியர். அவர் இடும் எண் நேராக ஒட்டுமொத்தச் சராசரியில் போய்ச் சேர்கிறது என்பது மாறவில்லை.

ஒரு கணக்கினைப் பார்ப்போம். ஒரு பருவத்திற்கு 24 தகுதிப்புள்ளி எனக் கொள்வோம். தமிழ்த்தாளுக்கு அவற்றுள் மூன்று. தமிழில் பி பெறும் மாணவர்க்கு அத்தாளால் கிடைப்பது 18. ஓ பெறுபவர்க்கு 30. இடைவெளி 12, அதனை 24ஆல் வகுத்தால் அரைப்புள்ளி. அதாவது, முதன்மைப் பாடங்களில் எந்த மாற்றமும் இன்றி, தமிழ்த்தாளில் காட்டப்படும் தாராளம் மட்டுமே பருவச் சராசரியை 7.0 என்பதிலிருந்து 7.5 என்று உயர்த்திவிடும். முதுகலைச் சேர்க்கையிலும் வேலைக்கான முதற்கட்டத் தெரிவிலும் சராசரி பார்க்கப்படும் காலத்தில் அரைப்புள்ளி சிறிதன்று. மாணவர் இக்கணக்கினை நமக்கு முன்பே போட்டுவிடுகின்றனர். சேர்க்கை நாளில் அவர்கள் கேட்கும் முதல் வினா, 'தமிழில் என்ன படிப்போம்?' என்பதன்று; 'தமிழில் மார்க் வருமா சார்?' என்பதே.

தரமுறையின் மற்றோர் இயல்பும் நோக்கத்தக்கது. 80 முதல் 89 வரை ஏ பிளஸ், 70 முதல் 79 வரை ஏ என வரம்பு வகுத்துக்கொண்ட ஒரு பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். அங்கு 80 பெற்றவரும் 89 பெற்றவரும் ஒரே தரத்தினர். 79 பெற்றவர் ஒரு முழுப்புள்ளி கீழே போய்விடுகிறார். ஒற்றை மதிப்பெண்ணுக்கு இத்துணை வலிமை இருக்கும்போது, அந்த ஒற்றை மதிப்பெண் உறுதியானதாக இருத்தல் வேண்டும். அது உறுதியானதா?

1912ஆம் ஆண்டில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்டு எலியட் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், உயர்நிலைப்பள்ளி ஆங்கில விடைத்தாள் ஒன்றின் படிகளைப் பல பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தச் செய்தனர். ஆசிரியர் 142 பேர் இட்ட மதிப்பெண்கள் 64 முதல் 98 வரை பரந்து கிடந்தன. விடைத்தாள் ஒன்றே, மாணவர் ஒருவரே. மொழிப்பாடம் என்பதால் இவ்வாறாயிற்று எனச் சிலர் கூறவே, அவர்கள் அடுத்த ஆண்டு வடிவியல் தாள் ஒன்றை அவ்வாறே அனுப்பினர். அதிலும் சிதறல் குறையவில்லை. நூறாண்டுக்கு மேலாகியும் நம் மைய மதிப்பீட்டுக் கூடங்களில் கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்துவோர் இம்முடிவைக் கேட்டு வியப்படையமாட்டார்கள். காலையில் திருத்திய பத்துத்தாளும் மாலையில் திருத்திய பத்துத்தாளும் ஒரே கையால் திருத்தப்பட்டனவா என்னும் ஐயம் நம் அனைவருக்கும் உண்டு.

யாரை அளக்கிறோம்?

பெங்களூரு முதலாண்டுத் தமிழ் வகுப்பு தமிழகத்து வகுப்பினைப் போன்றதன்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 21 இலட்சம் பேர். அவர்தம் பிள்ளைகளுள் சிலரே தமிழைப் பள்ளியில் பயின்றவர். ஒரே இருக்கையில் மூவகை மாணவர் அமர்ந்திருக்கக் காணலாம். ஒருவர் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்தவர். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவர். மற்றொருவர் அல்சூரிலோ சிவாஜிநகரிலோ பிறந்து ஆங்கிலவழியில் பயின்று, தமிழை ஒரு மொழிப்பாடமாக மட்டும் எழுதியவர். மூன்றாமவர் கோலார் தங்கவயலிலிருந்து நாள்தோறும் இரயிலேறி வருபவர், வீட்டிலும் தெருவிலும் தமிழ், பள்ளியில் கன்னடம். எழுத்துக்கூட்டிப் படிப்பார், எழுதும்போது ரகர றகரமும் லகர ளகர ழகரமும் அவரைத் தடுமாறச் செய்யும். ஆனால் அவர் பேச்சில் உள்ள பழமொழிகளும் உறவுச்சொற்களும் ஏனை இருவர்க்கும் தெரியா.

இம்மூவர்க்கும் ஒரே வினாத்தாள். அவ்வினாத்தாளும் மூன்றாண்டு வினாத்தாள்களைப் பார்த்தால் முன்கூட்டியே எழுதிவிடக்கூடியது. 'இக்கதையின் கருத்தினை விளக்குக', 'இக்கவிதையின் பாடுபொருளைக் கூறுக' என்பன போன்ற வினாக்கள். அவற்றுக்குக் குறிப்பேட்டில் விடை. விடைக்குறிப்பில் அவ்விடையின் தலைப்புகள். தலைப்பு ஒன்றுக்கு இரண்டு மதிப்பெண். தமிழை எழுதத் தெரியாதவரும் குறிப்பேட்டை உருப்போட்டு 'நல்ல' விடை எழுதிவிடலாம். தமிழை நன்கு அறிந்தவர் தம் சொந்த நடையில் எழுதினால் தலைப்புகள் அமையாமல் மதிப்பெண் இழக்கலாம்.

இரண்டும் என் வகுப்பில் நிகழ்ந்தவை. முதற்பருவத்தில் ஓ தரம் பெற்ற மாணவி ஒருவர், மூன்றாம் ஆண்டில் ஒருநாள் துறைக்கு வந்தார். தம் பாட்டியாரின் முதலாண்டு நினைவுநாள் அறிவிப்பினைத் தமிழில் எழுதித் தருமாறு கேட்டார். நான்கு வரிதானே, நீங்களே எழுதிவாருங்கள், திருத்தித் தருகிறேன் என்றேன். "சார், அதெல்லாம் பரீட்சைக்குப் படிச்சது. நானா எழுதணும்னா வரமாட்டேங்குது" என்றார். அவருக்கு நாற்பதுக்கு முப்பத்தெட்டு அகமதிப்பீடு இட்டவன் நான். பழைய பதிவேட்டைப் புரட்டி அவ்வெண்ணைப் பார்த்தபோது அதற்கு என்னிடம் ஒரு விளக்கமும் இல்லை. அதே ஆண்டில், பாடமாக இருந்த சிறுகதையின் முடிவு தமக்கு உடன்பாடில்லை என்று காரணத்தோடு எழுதியிருந்த மாணவர் ஒருவர்க்கு, விடைக்குறிப்பில் அது இல்லை என்பதால் பத்துக்கு நான்கு இட்டவனும் நானே.

தற்காப்பும் அதன் விலையும்

இத்தாராளத்திற்கு ஒரு காரணம் உண்டு, அதனை மறைக்கவேண்டியதில்லை. அயல் மாநிலத்தில் தமிழ்த்துறை என்பது மாணவர் எண்ணிக்கையால் உயிர்வாழ்வது. போதிய மாணவர் இல்லையெனில் பிரிவு மூடப்படும். பிரிவு மூடப்பட்டால் பணியிடம் போகும். போன பணியிடம் திரும்புவது அரிது. 2021 ஆகஸ்டில் கர்நாடக அரசு பட்டவகுப்பில் கன்னடத்தைக் கட்டாயமாக்கி ஆணையிட்டபோது, கன்னடமும் ஆங்கிலமும் இரண்டு இடங்களையும் நிரப்பிவிட்டால் தமிழுக்கு இடமேது என்னும் அச்சம் எழுந்தது. அவ்வாண்டு டிசம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றம் இடைக்கால ஆணையால் அக்கட்டாயத்தைத் தடுத்தது. வாழும் மண்ணின் மொழியைக் கற்பது கடமை என்பதில் இக்கட்டுரையாளர்க்கு மாறுபாடு இல்லை. பெங்களூருத் தமிழர் கன்னடம் கற்றே வாழ்கின்றனர். அச்சம் கன்னடத்தைப் பற்றியதன்று. ஓர் ஆணையால் ஒரு துறை இல்லாமற் போய்விடக்கூடும் என்பதைப் பற்றியது. அவ்வச்சத்தில்தான் 'தமிழ் எடுத்தால் மார்க் வரும்' என்னும் விளம்பரம் பிறந்தது.

இவ்விளம்பரத்தை நாம் தமிழ்த்தொண்டு என்று கருதிக்கொள்கிறோம். எண்ணிப் பார்த்தால், இதனால் இழப்பவர் மூவர். முதலாவது, தங்கவயல் மாணவி. அவருக்குத் தேவைப்பட்டது எழுதப் பழகுவதற்கான ஓராண்டு. நாம் கொடுத்தது எழுதத் தெரியும் என்னும் பொய்ச்சான்று. தரம் குறைந்திருந்தால் அவர் வந்து காரணம் கேட்டிருப்பார். ஓ பெற்றவர் எதற்காக வருவார்? இரண்டாவது, தமிழை முயன்று கற்றவர். எல்லார்க்கும் ஓ எனின் அவருடைய ஓவுக்குப் பொருளில்லை. மூன்றாவது, துறை. தமிழ்த்தாளில் பெற்ற தரத்தைப் பிற துறை ஆசிரியர்கள் புன்முறுவலோடு பார்ப்பதை நாம் அறிவோம். நம் பாடத்தை நாமே இலேசானது என்று விளம்பரம் செய்துவிட்டு, அதனைப் பிறர் மதிக்கவில்லை என்று மேடைதோறும் வருந்துவது முறையாகாது.

தவிர, இத்தற்காப்பு நெடுநாள் நிற்பதுமன்று. மதிப்பெண்ணுக்காக வந்தவர் மதிப்பெண்ணுக்காகவே போவார். நாளை வேறொரு மொழித்தாள் இதனினும் தாராளமாக நடந்துகொண்டால் நாம் எதனைக் காட்டி அவரைத் தடுப்போம்?

நன்னூலாரின் அளவுகோல்

மாணாக்கரைத் தரம் பிரிப்பது ஐரோப்பியர் நமக்குக் கற்பித்தது என்று கருதவேண்டியதில்லை. கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் 1857இல் இலண்டன் பல்கலைக்கழகத்தை ஒட்டித் தேர்வு நடத்தும் அமைப்புகளாகத் தோற்றுவிக்கப்பட்டன. கற்பிப்பது கல்லூரியின் வேலை, அளப்பது பல்கலைக்கழகத்தின் வேலை எனப் பிரிந்தது அப்போதுதான். அதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூன்றாகப் பகுத்துவிட்டார். அவரைப் புரந்த சீயகங்கன் கங்கர் குடியினன். அக்குடியின் பழம்பதியாகிய குவளாலபுரமே இன்றைய கோலார். நம் தங்கவயல் மாணவி நாள்தோறும் இரயிலேறும் மாவட்டம் அதுவே.

பவணந்தியார் காட்டும் உவமைகள் அனைவரும் அறிந்தவை. அன்னமும் பசுவும் தலைமாணாக்கர்க்கு உவமை. மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கு. ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடைமாணாக்கர்க்கு. நல்லதனைப் பிரித்தறிவது அன்னம். கிடைத்ததை நிறைய மேய்ந்து பின்பு ஓரிடத்தில் அசைபோடுவது பசு. உழவன் இட்ட உழைப்பின் அளவே தருவது மண். சொல்லிக்கொடுத்ததை மட்டும் திருப்பிச் சொல்வது கிளி. கிளியைப் பவணந்தியார் இகழவில்லை. ஆயினும் இடையில்தான் வைத்தார். நம் முதலாண்டு வினாத்தாளோ கிளிக்கு ஓ அளிக்கிறது. அசைபோட்டு மாறுபட்டு எழுதிய பசுவுக்குப் பத்துக்கு நான்கு அளிக்கிறது. தமிழிலக்கணம் கற்பிக்கும் நாமே அவ்விலக்கணத்தின் தரவரிசையைத் தலைகீழாக்கியிருக்கிறோம்.

அவர் கூறும் கற்கும் முறையும் உன்னத்தக்கது. உலகவழக்கை அறிதல், பாடத்தை மறவாது போற்றல், கேட்டதை எண்ணிப்பார்த்தல், ஆசிரியரை அடுத்துக் கேட்டல், உடன்கற்பாரோடு பழகுதல், வினாவுதல், பிறர் வினாவுக்கு விடை கூறுதல் எனப் பல செயல்களை அவர் அடுக்குகிறார். இவற்றுள் மனப்பாடத்திற்கும் இடமுண்டு. ஆனால் அது பலவற்றுள் ஒன்று. நம் தேர்வு அளப்பது அதனை மட்டுமே. வினாவுதலுக்கு எந்தப் பருவத்தேர்விலேனும் மதிப்பெண் உண்டா? வழக்கறிதலில் தங்கவயல் மாணவி வகுப்பிலேயே முதல்வர்; அதற்கு ஒரு மதிப்பெண்ணும் இல்லை.

மேலும் அவர் ஒரு பங்கீடே தருகிறார். ஆசிரியரிடம் நன்கு கேட்டாலும் புலமையில் காற்பங்கே வாய்க்கும். உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு. எஞ்சிய பாதி, தான் பிறர்க்கு விரித்துரைப்பதால் நிரம்பும் என்பது அவர் கருத்து. இது தேர்வுவிதி அன்று. கற்றல் எவ்வாறு முழுமையடைகிறது என்பது பற்றிய கூற்று. எனினும் 60க்கு 40 எனவும் பிறவாறும் எண்களை மாற்றி மாற்றி அமைத்துக்கொண்டிருக்கும் நமக்கு, எதற்கு எத்தனைப் பங்கு என்பதை முடிவுசெய்ய இதனினும் தெளிவான அடிப்படை கிடைப்பதரிது. தமிழ்த்துறையின் அகமதிப்பீடு, குறைந்தது முதற்பருவத்தில், ஏன் இப்பங்கீட்டில் அமையலாகாது?

முதற்பருவத்திற்குத் தனிநெறி

முதலாண்டு மாணவரை ஏனையோரைப் போலவே அளக்கவேண்டும் என்பது மாறாவிதியன்று. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முதற்பருவ மாணவர்க்கு எழுத்துத்தரம் பதிவேட்டில் ஏறுவதில்லை. தேறியவர்க்குத் தேர்ச்சி என்று மட்டும் பதிவாகும். தேறாத பாடம் வெளிப்பதிவில் இடம்பெறாது. பல்வேறு பள்ளிகளிலிருந்து வருவோர் ஒருநிலைக்கு வர ஒரு பருவம் வேண்டும் என்பதே அதன் கருத்து. இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முதலாண்டு மதிப்பெண் பட்டத்தின் வகுப்பினைத் தீர்மானிப்பதில்லை; தேறினால் போதும். இவை தரத்தில் தளர்ந்த நிறுவனங்கள் என்று எவரும் கூறார்.

நம்மிடத்தும் இதற்கு ஒருவகை முன்மாதிரி உண்டு. சென்னைப் பல்கலைக்கழக மரபில் பகுதி ஒன்று தமிழ் அல்லது பிறமொழி, பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப்பாடம் எனப் பிரித்து வகுப்பினைத் தனித்தனியே அறிவித்தனர். மொழித்தாளின் மதிப்பெண்ணைக் கொண்டு முதன்மைப்பாட வகுப்பினை உயர்த்திக்கொள்ள இயலாது. எனவே தமிழ்த்தாளை மதிப்பெண் ஏணியாக்கும் தூண்டுதலும் அங்குக் குறைவு. ஆனால் அம்மரபின் குறையையும் சொல்லவேண்டும். கணக்கில் சேராத பகுதி என்பதால் 'பாஸ் ஆனால் போதும்' என்று பகுதி ஒன்றினைப் புறக்கணித்தோர் பலர். சராசரியிலிருந்து விலக்குவது மட்டும் போதாது; விலக்கிய இடத்தில் மாணவர் மதிக்கும் வேறொன்றை வைத்தல் வேண்டும்.

அந்த வேறொன்று ஆசிரியரின் எழுத்துக்குறிப்பு என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. இஸ்ரேலியப் பள்ளி மாணவரை மூன்று குழுவாக்கி, ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்குக் கருத்துரை மட்டும், மற்றொரு குழுவுக்கு இரண்டும் வழங்கினார். கருத்துரை மட்டும் பெற்றோரே ஆர்வம் குன்றாது முன்னேறினர். இரண்டும் பெற்றவர், மதிப்பெண் மட்டும் பெற்றவரைப்போலவே நின்றுவிட்டனர். எண் இருக்குமிடத்தில் எழுத்தை எவரும் படிப்பதில்லை. விடைத்தாள் கையில் கிடைத்ததும் மாணவர் கண் எங்கே போகிறது என்பதைக் கண்டவர்க்கு இது புதிதன்று.

ஆகவே நான்கு செயல்களை முன்மொழியலாம். முதலாவது, முதற்பருவத் தமிழ்த்தாளுக்குத் தகுதிப்புள்ளி உண்டு, தேர்ச்சியும் உண்டு. தரப்புள்ளி ஒட்டுமொத்தச் சராசரியில் சேராது. இரண்டாவது, முதல் வாரத்தில் ஒவ்வொரு மாணவரும் ஒரு பக்கம் தாமே எழுதித் தருதல் வேண்டும். அதற்கு மதிப்பெண் இல்லை. பருவ இறுதியில் அவ்வாறே மற்றொரு பக்கம். இரண்டையும் அருகருகே வைத்து ஆசிரியர் ஐந்து வரியில் குறிப்பெழுதுதல் வேண்டும். மூவகை மாணவரையும் ஒருவரோடொருவர் ஒப்பிடாமல், அவரவர் தொடங்கிய இடத்தோடு ஒப்பிடும் வழி இதுவே. மூன்றாவது, அகமதிப்பீட்டில் கேட்டறிந்ததற்குக் காற்பங்கு, உடன்பயில்வோரோடு செய்த வேலைக்குக் காற்பங்கு, தம் சொல்லால் பிறர்க்கு விளக்குவதற்குப் பாதி. நான்காவது, பருவத்தேர்வில் பாடநூலில் இல்லாத ஒரு பகுதியேனும் கொடுத்து, அதனைப் படித்து எழுதச் செய்தல். குறிப்பேட்டில் விடை இல்லாத அந்த ஒரு வினா, மற்ற எல்லா வினாக்களையும் விட மாணவரின் தமிழைக் காட்டும்.

எதிர்வாதங்கள்

இவற்றை ஏற்றால் மாணவர் ஓடிவிடுவர் என்பர் சிலர். சிலர் போகக்கூடும், அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் சராசரியில் சேராத தாள் யாருடைய சராசரியையும் குறைக்காது. தமிழ் எழுதத் தெரியாது, மதிப்பெண் போய்விடும் என்று அஞ்சித் தமிழை எடுக்காத வீட்டுத்தமிழ் மாணவர், அவ்வச்சம் நீங்கினால் வரவும் கூடும். நம் கணக்கில் போவோர் மட்டுமே இருக்கின்றனர். வராமலே நின்றுவிட்டவர் இல்லை.

பணிச்சுமை தாங்காது என்பர். இது நேர்மையான எதிர்வாதம். கணக்கிட்டுப் பார்ப்போம். வாரம் நான்கு மணி வீதம் பதினாறு வாரத்திற்கு 64 மணி. அறுபது மாணவர் ஆளுக்கு ஐந்து நிமிடம் இருமுறை பேசினால் பத்து மணி. அதனை வகுப்பு நேரத்திலேயே நடத்தலாம். ஏனையோர் கேட்போராகவும் வினாவுவோராகவும் இருப்பர். ஆளுக்கு இரண்டு பக்கம் படித்துக் குறிப்பெழுத இருபது நிமிடம் எனின் அறுபதின்மர்க்கு இருபது மணி. நான்கு பிரிவுக்குப் பாடம் எடுக்கும் பகுதிநேர ஆசிரியர்க்கு அது எண்பது மணியாகும். ஊதியமின்றி இதனைக் கேட்பது அறமன்று. எனவே எவரும் படிக்காத ஒப்படைப்புகளையும், அவற்றுக்கு இடும் மதிப்பெண் பட்டியல்களையும் குறைத்து அந்நேரத்தை இதற்கு ஒதுக்குதல் வேண்டும். பகுதிநேர ஆசிரியர்க்கு இப்பணி ஊதிய நேரமாகக் கணக்கிடப்படுதலும் வேண்டும்.

நன்னூல் சிலர்க்கு ஒருவர் கற்பித்த காலத்தது. அறுபதின்மர் வகுப்புக்குப் பொருந்தாது என்பர். வகுப்பு பெரிதென்பது மனப்பாடத்தை அளப்பதற்குக் காரணமாகலாம். மனப்பாடத்தையே புலமை என்று சான்றளிப்பதற்குக் காரணமாகாது.

முடிவுரை

தேர்வுமுறையைத் திருத்தவேண்டும் என்பதை இராதாகிருஷ்ணன் குழுவின் 1949ஆம் ஆண்டு அறிக்கை மிக வலியுறுத்தியது; பல்கலைக்கழக மானியக்குழு 1973இல் தேர்வுச் சீர்திருத்தத்திற்குச் செயல்திட்டமே வகுத்தது. அதன்பின் எண் எழுத்தாயிற்று, ஆண்டு பருவமாயிற்று, பங்கீடு பலமுறை மாறிற்று. வினாத்தாள் மட்டும் மாறவில்லை. அதனை மாற்றுவதற்கு எந்த ஆணைக்கும் காத்திருக்கவேண்டியதில்லை. சராசரி பற்றிய விதியை மாற்றக் கல்விப்பேரவையின் இசைவு வேண்டும். வினா அமைப்பும் விடைக்குறிப்பும் முதல்வாரத்து ஒரு பக்கமும் பாடத்திட்டக் குழுவின் கையிலும் ஆசிரியரின் கையிலும் இருப்பவை.

தமிழகத்திலும் வெளிமாநிலங்களிலும் உள்ள துறையினரை இக்கட்டுரையாளர் ஒன்றே ஒன்று வேண்டுகிறார். தத்தம் துறையில் சென்ற ஆண்டு முதற்பருவத் தமிழ்த்தாளில் எத்தனை பேர் ஓ பெற்றனர் என்று எண்ணிப் பாருங்கள். பின்பு அவர்களுள் பத்துப்பேரை அழைத்து, எந்தக் குறிப்பேடும் இன்றி, தம் வீட்டாருள் ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபின் இக்கட்டுரை தவறென்று தோன்றினால், மறுத்து எழுதுங்கள், ஏற்றுக்கொள்ளக் காத்திருக்கிறேன். அந்த மாணவியின் அறிவிப்பினை அன்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். அவர் நன்றி கூறி வாங்கிச்சென்றார். அவர் பாட்டியைப் பற்றி அதில் இருந்த சொற்களுள் ஒன்றும் அவருடையதன்று.